ஆட்டத்தில் சேர்தல்

இடைவேளை மணி அடித்ததும் ஒரு பள்ளி மைதானத்தைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மணியோசை அடங்குவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். யார் யாரைக் கூப்பிட்டார்கள், அணி எப்போது பிரிந்தது என்பதெல்லாம் பெரியவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சுவரோரமாக மட்டும் ஒரு பிள்ளை நிற்கும். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். அந்த வீட்டில் அன்று சாயங்காலம் நடக்கும் பேச்சு நமக்குத் தெரிந்ததுதான். “நீயா போயி ‘என்னையும் ஆட்டைக்குச் சேத்துக்கிறீங்களா’ன்னு கேட்டாத்தானே சேத்துக்குவாங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?”

அக்கறையோடு சொல்லும் அறிவுரைதான். ஆனால் பிள்ளைகளின் விளையாட்டைப் பொறுமையாகக் கவனித்தவர்கள் கண்டது வேறு. வில்லியம் கோர்சாரோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு மழலையர் பள்ளியில் மாதக்கணக்கில் குழந்தைகளோடு இருந்து குறிப்பெடுத்தார். 1979-ல் அவர் வெளியிட்ட முடிவுகளில் இரண்டு செய்திகளைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குள் நுழைய ஒரு குழந்தை எடுக்கும் முதல் முயற்சிகளில் ஏறக்குறைய பாதி மறுக்கப்படுகின்றன. அடுத்தது, “நானும் வரட்டுமா?” என்று நேராகக் கேட்பது குழந்தைகளிடையே அரிது. அப்படிக் கேட்டால் “வேணாம்” என்று சொல்வது எதிரில் இருப்பவருக்கு மிகச் சுலபமாகிவிடுகிறது. நுழையத் தெரிந்த குழந்தை கேட்பதில்லை. பக்கத்தில் போய் நிற்கும், ஒருமுறை சுற்றி வரும், அங்கே மணலில் சோறு சமைக்கிறார்கள் என்றால் தானும் ஒரு பிடி மணலை அள்ளிப் பாத்திரத்தில் போடும்.

மறுப்புக்கு கோர்சாரோ சொன்ன காரணம் என் மனதில் ஆழமாகத் தங்கிவிட்டது. குழந்தைகளின் ஆட்டம் சட்டென்று கலைந்துவிடக்கூடிய ஒன்று. அரும்பாடுபட்டுக் கட்டிய கற்பனை உலகத்தைப் புதிதாக வருபவர் கலைத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் அவர்கள் கதவை மூடுகிறார்கள். பெரியவர்களுக்குக் குரூரமாகத் தெரிவது, உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு.

1981-ல் மார்த்தா புட்டலாஸ், ஜான் காட்மன் என்ற இருவர் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த நுழைவையே பரிசோதித்தார்கள். வகுப்பில் விரும்பப்படாத பிள்ளைகள் ஒரு ஆட்டத்துக்குள் வரும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். அவர்கள் கேள்வி கேட்டார்கள், தங்களைப் பற்றிச் சொன்னார்கள், மறுத்துப் பேசினார்கள். மொத்தத்தில் எல்லோர் பார்வையையும் தங்கள் பக்கம் இழுத்தார்கள். விரும்பப்பட்ட பிள்ளைகள் முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு, அதற்குப் பொருந்துகிற ஒன்றைச் சொன்னார்கள். “என்ன விளையாடுறீங்க, நானும் வரட்டுமா, எனக்கு இதைவிட நல்ல ஆட்டம் தெரியும்” என்று சொல்லச் சொல்லி நாம் அனுப்பும் பிள்ளை, இந்த ஆய்வின்படி, தோற்பதற்கான வழியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறது.

தமிழ்ப் பிள்ளைகளின் தெருவிளையாட்டில் இதற்கென்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஆட்டம் தெரியாத சின்னப் பிள்ளையை, அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த தம்பியை, ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை, தொட்டாலும் கணக்கில் இல்லை. உடல் குறையைச் சுட்டும் அந்தச் சொல் இன்று காதில் கூசுகிறது. ஆனால் ஏற்பாட்டில் ஓர் இரக்கம் இருந்தது. யாரும் சுவரோரம் நிற்க வேண்டியதில்லை. கூடவே ஒரு குறையும் இருந்தது. ஐந்து வயதில் சந்தோஷமாக ஓடிய பிள்ளைக்குப் பத்து வயதில் தெரிந்துவிடும், தான் எண்ணிக்கையில் இல்லையென்று. நான் இங்கே எழுத வந்தது, நட்புப் பழகக் கற்றுத்தரும் குழுக்களைப் பற்றி. அவற்றின் நோக்கத்தைத் தமிழில் சொல்வதானால் இப்படித்தான் சொல்வேன்: அந்தப் பிள்ளை அவுட்டானால் அது அவுட்டாக எண்ணப்பட வேண்டும்.

பழகத் தடுமாறும் பிள்ளைகளைச் சிறு எண்ணிக்கையில் கூட்டி, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து நடத்தும் குழுக்களுக்குத் தொண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. நியூயார்க்கில் யூதக் குடும்பங்களுக்கான ஒரு நல அமைப்பில் பணியாற்றிய எஸ்.ஆர். ஸ்லாவ்சன் 1934-ல் இதைத் தொடங்கினார். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், மரவேலைக்கும் களிமண்ணுக்கும் சாமான்கள், கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை. பெரியவர் கூடுமானவரை குறுக்கிடாமல் இருப்பார். கூடியிருப்பதே மருந்து என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையின் பலமும் பலவீனமும் பிறகு தெரியவந்தன.

நேரடியாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது 1970-களில்தான். ஷெரி ஓடன், ஸ்டீவன் ஆஷர் இருவரும் 1977-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடிக்கற்களில் ஒன்று. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் வகுப்புத் தோழர்களின் மதிப்பீட்டில் கடைசியில் இருந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆட்டத்தில் பங்கெடுப்பது, விட்டுக்கொடுத்து முறைவைத்து ஆடுவது, பேசிக் கேட்பது, அடுத்தவருக்கு உற்சாகம் தருவது ஆகிய நான்கையும் எளிய பேச்சில் விளக்கி, உடனே வேறொரு பிள்ளையோடு விளையாடவிட்டு, பிறகு “எப்படி இருந்தது?” என்று கேட்டார்கள். நான்கு வாரங்களில் நடந்தவை சில சந்திப்புகளே. ஆனாலும் ‘இவனோடு விளையாட விருப்பமா?’ என்ற கேள்விக்கு வகுப்பு தந்த மதிப்பெண் உயர்ந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் உயர்வு நிலைத்திருந்தது. வெறுமனே ஜோடி சேர்த்து விளையாடவிட்ட பிள்ளைகளிடம் அந்த உயர்வு இல்லை.

இந்த மரபில் வந்தவற்றுள் நான் அதிகம் மதிப்பது, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான குழுமுறையை. ஃப்ரெட் ஃப்ராங்கல் என்ற உளவியலாளர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த நட்புப் பயிற்சி, ராபர்ட் மையாட்டுடன் சேர்ந்து அவர் எழுத 2003-ல் நூலாக வந்தது. அவரோடு பணியாற்றிய எலிசபெத் லாகெசன் அதைப் பதின்வயதினருக்கு விரித்து ‘பியர்ஸ்’ என்று பெயரிட்டார். அதன் கையேடு 2010-ல் வெளியானது. வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், பதினான்கு வாரம். பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாடு உள்ளவர்களும் பதற்றத்தால் ஒதுங்குபவர்களும் வருவதுண்டு.

நான் மதிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். நல்ல பிள்ளை எப்படிப் பழக வேண்டும் என்று பெரியவர்கள் நினைப்பதை அங்கே சொல்லித்தருவதில்லை. பழகத் தெரிந்த பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று ஆய்வுகள் கண்டதைச் சொல்லித்தருகிறார்கள். கோர்சாரோவும் புட்டலாஸும் பார்த்தது இங்கே பாடமாகிறது.

பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குள் எப்படிச் சேர்வது என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். குழுவை நடத்துபவர் எதையும் விளக்குவதற்கு முன் ஒரு தவறான காட்சியை நடித்துக் காட்டுவார். உதவியாளர்கள் இருவர் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர் நடுவில் பாய்ந்து, “நேத்து நான் எங்க போனேன் தெரியுமா?” என்ற மாதிரி ஆரம்பிப்பார். பேச்சு அறுந்துபோகும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தத் தவறைத் தன்னிடம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்குக்கூட அடுத்தவரிடம் பளிச்சென்று தெரிகிறது. பிறகு மூன்று கேள்விகள். அவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க? மறுபடி என்னோட பேச விரும்புவாங்களா? பதினான்கு வாரமும் ஒவ்வொரு நடிப்புக்குப் பின்னும் இதே மூன்று கேள்விகள்தான். அடுத்தவர் மனதை ஊகிப்பதை ஓர் உபதேசமாகச் சொல்லாமல், பல்விளக்குவது போன்ற பழக்கமாக்கிவிடுகிறார்கள்.

சரியான வழி அடுத்து வரும். தள்ளி நின்று காதுகொடு. கையில் ஒரு புத்தகமோ போனோ இருக்கட்டும், முறைத்துப் பார்ப்பதுபோல் தெரியாது. எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? அதில் உனக்கும் ஏதாவது தெரியுமா? தெரியாவிட்டால் விட்டுவிடு. தெரிந்தால் கொஞ்சம் நெருங்கு, பேச்சில் இடைவெளி வரும்வரை பொறு, அதே விஷயத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல். இப்போது அவர்கள் முகத்தைப் பார். உன் பக்கம் திரும்பி வட்டத்தைத் திறந்தார்களா? இல்லையென்றால் மெதுவாக விலகு. இரண்டில் ஒரு முறை இப்படித்தான் ஆகும், எல்லோருக்கும் ஆகும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார்கள். பாடத்தின் மிகக் கருணையான பகுதியாக எனக்குத் தெரிவது இந்தத் தகவல்தான். மறுப்பு தனக்கு மட்டும் கிடைப்பதாக நினைத்துச் சுவரோரம் ஒதுங்கிய பிள்ளைக்கு, அது எல்லோருக்கும் நடப்பது என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

கேலியைச் சமாளிக்கும் பாடமும் இப்படியே. “கண்டுக்காத”, “டீச்சர்கிட்ட சொல்லு” என்ற நம் இரண்டு அறிவுரைகளும் வாய்க்கேலிக்கு உதவுவதில்லை என்று அங்கே வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. பேசாமல் நின்றால் கேலி தொடர்கிறது, புகார் சொன்னால் பகை வளர்கிறது. அழுகையும் கோபமும் கேலி செய்பவருக்குக் கிடைக்கும் பரிசு. அந்தப் பரிசைக் கொடுக்காத, அலட்சியமான குட்டிப் பதில் ஒன்று போதும். நம் ஊர்ப் பேச்சில் “சரி, அதுக்கென்ன?”, “இருக்கட்டுமே!” என்று சொல்லிவிட்டு நகர்வது. பத்து முறை நடித்துப் பார்த்தால்தான் அந்தக் குரல் வரும். அடி உதை, மிரட்டல் என்றால் கணக்கு வேறு. எதிரில் போகாமல் விலகி, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் ஓர் அறையில் இருக்கும் அதே நேரம் பக்கத்து அறையில் பெற்றோர் குழு நடக்கிறது. இங்கேதான் இந்த முறையின் உயிர் இருப்பதாக நான் நினைக்கிறேன். அதே பாடம், அதே சொற்கள், கூடவே போன வார வீட்டுப்பாடம் நடந்ததா என்ற விசாரணை. கடைசிப் பத்து நிமிடம் இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து அடுத்த வார வீட்டுப்பாடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குழுவில் உள்ள இன்னொரு பிள்ளைக்குப் போன் செய்து பேசுவது முதல் வாரங்களின் வேலை. எந்த நாள், எத்தனை மணி, பேசும்போது அம்மா அறையில் இருக்கலாமா கூடாதா என்பதுவரை அங்கேயே பேசி முடிக்கிறார்கள்.

பிறகு வருவது, வீட்டுக்கு ஒரு நண்பனை அழைக்கும் பாடம். சிறு பிள்ளைகளுக்கான ஃப்ராங்கலின் முறையில் இது நுணுக்கமாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு பிள்ளையை மட்டும் அழையுங்கள். முதல் முறை நேரத்தைச் சுருக்கமாக வையுங்கள். என்ன விளையாடலாம் என்று முன்கூட்டியே போனில் பேசிக்கொள்ளட்டும். பிள்ளைக்கு உயிரான, யாருக்கும் தொடக் கொடுக்க மனம் வராத பொம்மையை விருந்தாளி வருவதற்கு முன்பே எடுத்து அலமாரியில் பூட்டிவிடுங்கள். அது வெளியே இருந்தால் சண்டை நிச்சயம். தம்பி தங்கையை வேறு வேலைக்கு அனுப்புங்கள். என்ன விளையாடுவது என்பதை விருந்தாளிதான் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறைசொல்லக் கூடாது, விட்டுவிட்டுப் போகக் கூடாது. பெற்றோர் அடுத்த அறையில் காதை மட்டும் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பஜ்ஜி தட்டோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வரும் நம் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் இதன் கஷ்டம் புரியும்.

இதனால் பலன் உண்டா? பியர்ஸின் முதல் ஆய்வு 2009-ல் வந்தது. 13 முதல் 17 வயதுவரை 33 பேர். பயிற்சி முடித்தவர்கள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட அதிக முறை நண்பர்களை வீட்டுக்கு அழைத்தார்கள். ஃப்ராங்கலின் முறையை ஆட்டிசம் உள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 68 பேரிடம் பரிசோதித்த முடிவு 2010-ல் வெளியானது, அதிலும் முன்னேற்றம். 2014-ல் தென்கொரியாவில், பள்ளி முடிந்ததும் டியூஷனுக்கு ஓடும் ஒரு சமூகத்தில், 47 பேரிடம் சோதித்தபோதும் முறை வேலை செய்தது. பண்பாடு மாறினால் இதெல்லாம் எடுபடாது என்று சொல்வோருக்கு இது ஒரு பதில்.

ஆனால் இந்தத் துறையின் கணக்கை நேர்மையாகப் பார்த்தால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கான சமூகத்திறன் குழுக்களைப் பற்றிய 19 சோதனைகளை கேட்ஸ், காங், லெர்னர் ஆகியோர் 2017-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகளே தந்த பதில்களில் பலன் பெரிதாகத் தெரிந்தது. கூர்ந்து பார்த்தால் அதில் பெரும்பகுதி, என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் காட்டியது. அது நடத்தையில் வந்திருக்கிறது என்பதைக் காட்டவில்லை. ஆசிரியர்களின் மதிப்பீட்டில் மாற்றம் ஏதும் தென்படவில்லை. அதற்குப் பத்தாண்டுக்கு முன், 2007-ல் ஸ்காட் பெல்லினியும் உடனிருந்தோரும் பள்ளிகளில் நடந்த 55 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் பலன் சொற்பம் என்றே கண்டார்கள். பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் சென்று தனி அறையில் கற்பிப்பதைவிட, வகுப்பிலேயே கற்பித்தது நன்றாக நிலைத்தது என்றும் சொன்னார்கள். நீச்சலை மேசையில் படுத்துக் கற்றுக்கொள்ள முடியாது என்பதற்கு ஒப்பான முடிவு.

அறைக்குள் கற்றது மைதானத்துக்கு ஏன் போவதில்லை? பிள்ளையின் மறதி இதில் சிறு பங்குதான். மைதானத்தில் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. ஜான் கோய், ஜேனிஸ் கூப்பர்ஸ்மிட் இருவரும் 1983-ல் செய்த சோதனை இதன் வேரைத் தொட்டது. நான்காம் வகுப்புப் பையன்களை நாலு நாலு பேராக, வாரம் ஒருமுறை ஆறு வாரம் விளையாடவிட்டார்கள். சில குழுக்களில் ஒரே வகுப்புப் பையன்கள். சிலவற்றில் ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள். மூன்றே சந்திப்புகளில், முன்பின் தெரியாதவர்களிடையேகூட, பள்ளியில் வெறுக்கப்பட்ட பையன் இங்கேயும் வெறுக்கப்பட்டான். அவனுடைய நடத்தையில் ஏதோ இருக்கிறது என்பது இதிலிருந்து உறுதி. ஆனால் பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாத, வெறுக்கப்படாமல் வெறுமனே மறக்கப்பட்ட பையன்கள், புதியவர்களிடையே கூடுதலாகப் பேசிப் பழகினார்கள். அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது பழைய இடம்.

அடுத்த ஆண்டு வந்த கேரன் பியர்மன், வின்டால் ஃபர்மன் ஆய்வைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஐந்தாம், ஆறாம் வகுப்பில் உரையாடலில் பின்தங்கி, வகுப்பால் ஏற்கப்படாத 56 பிள்ளைகள். சிலருக்குத் தனியாகப் பேச்சுப் பயிற்சி. சிலரை, வகுப்பில் நன்கு ஏற்கப்பட்ட பிள்ளைகளோடு சேர்த்து ஒரு வீடியோப் படம் எடுக்கும் வேலையில் விட்டார்கள். சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் நன்றாகப் பேசக் கற்றார்கள். சக பிள்ளைகள் அவர்களை ஏற்றுக்கொள்ளும் அளவு உயர்ந்தது, சேர்ந்து வேலை செய்த பிள்ளைகளுக்குத்தான். திறமை ஒரு வழியாக வருகிறது, ஏற்பு இன்னொரு வழியாக வருகிறது. நாற்பது ஆண்டுக்கு முன் தெரிந்துவிட்ட இந்த உண்மை இன்னும் பெரும்பாலான தெரபி சென்டர்களின் கதவைத் தட்டவில்லை.

2012-ல் கோனி கசாரி லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தின் 30 பள்ளிகளில் 60 ஆட்டிசம் பிள்ளைகளைக் கொண்டு இதை மறுபடி நிறுவினார். சிலருக்குப் பெரியவர் ஒருவர் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். சிலருக்குப் பெரியவர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களின் வகுப்புத் தோழர்கள் மூவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மைதானத்தில் தனியாக நிற்பவரை எப்படிக் கவனிப்பது, எப்படி ஆட்டத்துக்குள் கொண்டுவருவது என்று. ஆறு வாரம், வாரம் இருமுறை, தடவைக்கு இருபது நிமிடம். தோழர்கள் பயிற்சி பெற்ற வகுப்புகளில்தான் ஆட்டிசம் பிள்ளையின் பெயரை நண்பனாகச் சொன்னவர்கள் கூடினார்கள். மைதானத்தில் தனிமை குறைந்தது.

யாரை யாரோடு உட்காரவைக்கிறோம் என்பதும் சாதாரண விஷயமில்லை. முரட்டுத்தனத்தால் ஒதுக்கப்பட்ட பதின்வயதினரை மட்டும் ஒன்றாகக் கூட்டிப் பயிற்சி தந்தால் என்ன ஆகும்? தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், பிரான்சுவா பூலான் ஆகியோர் 1999-ல் எழுதிய கட்டுரை அதற்குப் பதில் சொன்னது. அப்படிக் குழுவில் வைக்கப்பட்டவர்களிடம் புகைப்பழக்கமும் தவறான நடத்தையும் கூடின. விதிமீறலைப் பற்றி ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே பயிற்சியாக முடிந்தது. கூடியிருப்பதே மருந்து என்ற ஸ்லாவ்சனின் நம்பிக்கை இங்கே அடிவாங்குகிறது. கூச்சத்தால் ஒடுங்கிய பிள்ளையையும் கைநீட்டும் பிள்ளையையும் வயதை மட்டும் பார்த்து ஒரே அறையில் போடும் எந்தக் குழுவையும் நான் நம்பமாட்டேன்.

இன்னொரு குரலையும் கேட்டாக வேண்டும். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கேள்வி எழுப்பினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்கிறீர்கள். மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர் மனம் புரிகிறதா? புரியாமை இரு பக்கமும் இருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் ஏன் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள்? 2020-ல் கேத்தரின் கிராம்ப்டனும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். எட்டெட்டுப் பேராக வரிசை அமைத்து, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லி நகர்த்தச் செய்தார்கள். முழுக்க ஆட்டிசம் உள்ளவர்கள் இருந்த வரிசையிலும், அது இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவுக்குத் தங்கியது. இருவரும் கலந்த வரிசையில்தான் அது வேகமாகத் தேய்ந்தது. நாள் முழுக்கத் தன் இயல்பை மறைத்து மற்றவர்போல் நடித்துக் களைத்துப்போவதைப் பற்றி, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று நிறையப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று பிள்ளையைத் தேய்த்து வழவழப்பாக்கும் குழுக்களுக்கு அவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு நியாயமானது.

அதனால்தான் டேனியல் லெகாஃப் தற்செயலாகக் கண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹவாயின் ஹொனலுலுவில் சிகிச்சையாளராக இருந்த அவர், தன்னிடம் வந்துகொண்டிருந்த இரண்டு பையன்கள் காத்திருக்கும் அறையில் லெகோ கட்டைகளோடு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உள்ளே அவரிடம் பேசத் தடுமாறியவர்கள்தான் அவர்கள். அதிலிருந்து ஒரு குழுமுறை பிறந்தது. மூன்று பேர், மூன்று வேலை. ஒருவர் இன்ஜினியர், வரைபடம் அவர் கையில். ஒருவர் கட்டை எடுத்துக் கொடுப்பவர். ஒருவர் கட்டுபவர். இன்ஜினியர் வாயால் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும், அடுத்தவர் கொடுத்தால்தான் மூன்றாமவர் கட்ட முடியும். பேச்சு அங்கே ஒரு பாடமாக இல்லாமல் தேவையாகிவிடுகிறது. பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இதிலும் மிகைக்கு இடமில்லை. பிரிட்டனில் 250 பிள்ளைகளிடம் நடந்து 2023-ல் வெளியான பெரிய சோதனையில் கிடைத்தது சிறிய முன்னேற்றமே. ஆனால் பிள்ளைக்குப் பிடித்ததிலிருந்து தொடங்கி, சேர்ந்து ஒன்றைக் கட்டும் இந்த வழி பியர்மனின் வீடியோப் படத்துக்கு நெருங்கிய உறவு. அதில் பிள்ளை தன்னை மறைக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெற்றது 2016-ல். அதன்பின் நம் நகரங்களில் தெரபி சென்டர்கள் பெருகியிருக்கின்றன. ‘சோஷியல் ஸ்கில்ஸ் குரூப்’ என்ற பலகை பல தெருக்களில் தெரிகிறது. பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் சில கேள்விகள் கேட்க வேண்டும். குழுவில் வேறு யார் யார் இருக்கிறார்கள், ஏன் அவர்களோடு என் பிள்ளை? எங்களுக்கும் சொல்லித்தருவீர்களா, அல்லது ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? வீட்டில் செய்ய என்ன தருவீர்கள்? பள்ளிக்கூடத்தோடு பேசுவீர்களா? என் பிள்ளை கையை ஆட்டுவதை நிறுத்தப் பார்ப்பீர்களா, ஒரு நண்பனைப் பெற உதவுவீர்களா? மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் என்று எதைக் காட்டுவீர்கள்? பட்டியலில் போட்ட டிக் குறிகளையா, சனிக்கிழமை வந்த ஒரு போன் அழைப்பையா?

இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் பெரும்பாலோருடைய பிள்ளை மைதானத்தின் நடுவில் விளையாடிக்கொண்டிருக்கும். அவர்களிடம்தான் என் கடைசி வேண்டுகோள். இடைவேளையில் யார் தனியாக நிற்கிறார்கள் என்று இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். யோசிக்காமல் பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பெயருக்குரிய வீட்டுக்குப் போன் செய்து, வரும் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் விளையாட அனுப்பச் சொல்லுங்கள்.